அந்தக் கார் என்னை இடிக்கவில்லை

நானாகத்தான் விழுந்தேன். அந்தக் காருக்கும் என் சைக்கிளுக்கும் நடுவில் ஓர் ஆள் படுத்துக்கொள்ளும் அளவுக்கு இடம் இருந்தது. காரை ஓட்டி வந்தவர் என்னிடம் தகாத வார்த்தை எதுவும் பேசவும் இல்லை. இரண்டுமே எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன்... பிறகு வாயைத் திறந்தபோது பொய் சொன்னேன்.

இத்தனை வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய கணவரிடம் சொல்லவில்லை. பெற்ற பிள்ளைகளிடம் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். "பாவம், சின்னப் பெண்தானே!" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை எனக்கு நானே வேண்டிய மட்டும் சொல்லிக்கொண்டாயிற்று.

பம்பாயில் டிராம் ஓட்டம் நின்றுபோன வருஷம் அது. நாங்கள் மாதுங்காவில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஃபோர்ட்டில் குமாஸ்தா உத்தியோகம். நான் காலேஜில் முதல் வருஷம். ஃபைவ் கார்டன்ஸ் பக்கத்தில் ஒரு பார்சிக் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பியபோது தங்கள் பெண்ணின் சைக்கிளை விற்றார்கள். அப்பா அதை வாங்கி உருட்டிக்கொண்டு வந்து எங்கள் கட்டிட வாசலில் நிறுத்தினார். என்ன கூட்டம் என்கிறீர்கள்! கல்யாண மாப்பிள்ளையைப் பார்க்கக்கூட அத்தனை மாமிகள் இறங்கி வந்ததில்லை.

"பொண் கொழந்தைக்கு சைக்கிளா? கையைக் காலை ஒடிச்சுண்டா நாளைக்கு யார் இவளைக் கல்யாணம் பண்ணிப்பா?" என்று அம்மா எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள்.

அப்பா பிடிவாதக்காரர். அதிலும் நாலு பேர் பார்க்கும்போது இரண்டு மடங்கு பிடிவாதம் வரும். "வசந்தா ஒழுங்கா, பாத்து ஓட்டுவா. என்னிக்காவது தன் தப்பால விழுந்து வந்தாள்னா, அன்னிக்கே இதைப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடறேன். போறுமா?" என்றார்.

அந்த வார்த்தையைக் கட்டிடமே கேட்டது. அன்று முதல் நான் எப்போது விழுவேன் என்று மாடிக்கு மாடி காத்திருந்தார்கள். நானும் விழாமல் ஓட்டினேன். தன் பெண் சைக்கிளில் போவதை அப்பா பால்கனியில் நின்று பார்ப்பார். அவர் முகத்தில் அப்போது இருந்த பெருமையை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்...

நான் எங்கும் போவதற்காக ஓட்டியவள் அல்ல. காலேஜுக்கு பஸ் இருந்தது. கடைக்கு நடந்தே போய்விடலாம். சும்மா ஓட்டுவதற்காகவே ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி வருவேன். ஃபைவ் கார்டன்ஸ் மர நிழலில் காரணமே இல்லாமல் எட்டுப் போடுவேன். ஒருமுறை யாரிடமும் சொல்லாமல் சயானைத் தாண்டிச் செம்பூர் வரைக்கும் போய்த் திரும்பினேன். வீட்டில் எனக்கென்று ஒரு அலமாரித் தட்டுகூடக் கிடையாது. சைக்கிளில் ஏறிவிட்டால் அந்தச் சாலை முழுதும் என்னுடையது. அந்த சந்தோஷம் எவ்வளவு பெரியது என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். அதற்காகத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஆனால் சாலை முழுதும் தங்களுடையது என்று கார்க்காரர்களும் நினைத்தார்கள்! அவர்களுக்கும் சைக்கிள்காரர்களான எங்களுக்கும் ஆகவே ஆகாது. முதுகுக்குப் பின்னால் வந்து திடீரென்று ஹாரனை அழுத்துவார்கள். டாக்ஸிக்காரர்கள் உரசிக்கொண்டே வந்து சாக்கடை ஓரத்துக்குத் தள்ளுவார்கள். மழைக்காலத்தில் வேண்டுமென்றே தேங்கிய தண்ணீரில் விடுவார்கள். "ஏ சைக்கிள், ஹட்!", அதாவது தள்ளிப் போ, என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் ஒரே பெயர். பெண் என்றால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே நடக்கும். கூடவே மெதுவாக வந்து பாட்டுப் பாடுவார்கள். ஒருவன் காருக்குள்ளிருந்து கையை நீட்டி என் தாவணியைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். அன்றைக்கு நான் வீட்டில் மூச்சுவிடவில்லை. சொன்னால் சைக்கிளைப் பூட்டிவிடுவார்களே!

இவை எல்லாம் நடந்தவை. பொய் இல்லை. அதனால்தான் பிற்பாடு என் பொய்யை எல்லோரும் அவ்வளவு சுலபமாக நம்பினார்கள்.

நாங்களும் ஒன்றும் சாதுக்கள் இல்லை. பின்னால் கார் வருகிறது என்று தெரிந்தால் நான் வேண்டுமென்றே நடுச்சாலைக்கு வருவேன். ஹாரன் அடித்தால் என் மணியைக் கிணுகிணுவென்று அடித்துப் பதில் சொல்வேன். காரில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருமே எனக்கு ஒரே ஜாதி. தனித்தனி மனிதர்கள் என்று தோன்றியதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தாதர் பக்கம் போனேன். டிராம்கள் வந்து திரும்பிக்கொண்டிருந்த இடம் அது. டிராம்கள் போய்விட்டன, தண்டவாளங்களை இன்னும் பெயர்க்கவில்லை. சைக்கிள்காரர்களுக்கு அது ஒரு கண்டம். தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டிக் கடக்க வேண்டும். ஒட்டினாற்போலப் போனால் முன்சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கிக்கொள்ளும். பிறகு பிரம்மா வந்தாலும் நிமிர்த்த முடியாது. சைக்கிளில் ஏறிய முதல் வாரமே எல்லோரும் கற்றுக்கொள்ளும் பாடம் இது. எனக்கும் தெரியும்.

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. மெதுவாக, ஒரே ஒரு தடவை. நான் வழக்கம் போல நடுவுக்கு வந்தேன். மறுபடியும் அடித்தது. எனக்குக் கோபம் வந்தது. புதிதாக நான் ஒரு வித்தை பழகியிருந்தேன்: கைப்பிடியை விட்டுவிட்டு ஓட்டுவது! அதைக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. இரண்டு கைகளையும் எடுத்து மார்பில் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு மகாராணி போல என்று அப்போது நினைத்தேன்... பைத்தியக்காரி போல என்று இப்போது சொல்கிறேன்.

கார் ஓட்டி வந்தவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்.

"எம்மா! தண்டவாளம்! தண்டவாளத்தப் பாத்துப் போங்க!"

தமிழில்! என் தாவணியும் தலைப்பூவும் அவருக்கு நான் யாரென்று சொல்லியிருக்கும். எனக்கு நன்றாகக் கேட்டது, புரிந்தது. காரில் வருகிறவர் எனக்குச் சைக்கிள் சொல்லிக்கொடுப்பதா என்று திரும்பி முறைத்தேன். அந்த நேரத்தில் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது.

முழங்காலும் முழங்கையும் பெயர்ந்து ரத்தம் வந்தது. பிரேக் போட்ட சத்தம் தெருவெல்லாம் கேட்டது. கார் எனக்குப் பின்னால் தள்ளியே நின்றது. அவர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து, "எம்மா, அடி பலமா பட்டிருச்சா?" என்று என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் வியர்வை. அந்தக் கை என்னைத் தொடுவதற்குள் வேறொருவன் அதைப் பிடித்து முறுக்கினான்.

பம்பாயில் ஒரு கூட்டம் சேருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கீழே ஒரு பெண், அவளுக்குப் பின்னால் ஒரு கார். வேறு என்ன விசாரணை வேண்டும்? பெரிய வண்டிக்காரன்தான் குற்றவாளி என்பது இந்த ஊர்த் தெருச் சட்டம். அந்தச் சட்டத்தோடு அது முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பான் கடைக்காரன் ஒருவன் கடையிலிருந்து குதித்து வந்தான். "மைனே தேகா! கிட்கி ஸே லட்கி கோ குச் போல் ரஹா தா!" என்றான். ஜன்னல் வழியாகப் பெண்ணிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான், நானே பார்த்தேன் என்று சத்தம் போட்டான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவர் தலையை நீட்டியதைப் பார்த்தான், கத்தியதைக் கேட்டான். பாஷை புரியவில்லை, அவ்வளவுதான். என்னைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தையே அவருக்கு எதிரான சாட்சியாக ஆகிவிட்டது.

ஒரு மராத்திப் பெண்மணி என்னை மடியில் சாய்த்துக்கொண்டு, "க்யா போலா உஸ்னே, பேட்டி?" அவன் என்ன சொன்னான், மகளே என்று கேட்டாள். கூட்டம் முழுவதும் என் முகத்தையே பார்த்தது. இரண்டு பேர் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்திருந்தார்கள். அவர் பயப்படவில்லை. நான் இருக்கிறேனே என்ற தைரியம்!

"எம்மா, நான் என்ன சொன்னேன்னு நீங்களே சொல்லுங்க. இவனுவளுக்கு நம்ம பாஷ தெரியாதுல்லா. நீங்க சொன்னா விட்டுருவானுவ" என்றார்.

எனக்கு ஹிந்தி நன்றாக வரும். ஒரே ஒரு வாக்கியம் போதும். என் தப்பு, நானாக விழுந்தேன், அவர் என்னை எச்சரித்தார்... சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது என்று உங்களிடம் கதை விட மாட்டேன். வரவே இல்லை. எனக்கு வந்ததெல்லாம் வேறு நினைப்பு. தன் தப்பால் விழுந்தால் பழைய இரும்புக்காரன்! மாடிப்படியில் நின்று சிரிக்கப் போகும் மாமிகள்... தலைகுனிந்து நிற்கப்போகும் அப்பா... போய்விடப்போகும் என் ஞாயிற்றுக்கிழமைகள்... இவற்றைத்தான் நினைத்தேன்.

தலையைக் குனிந்துகொண்டு அழுதேன்.

அந்தக் காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆண்பிள்ளை தெருவில் சொன்ன அசிங்கத்தைக் கௌரவமான பெண் தன் வாயால் திருப்பிச் சொல்ல மாட்டாள். மராத்தியோ குஜராத்தியோ தமிழோ, எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம். குனிந்த தலையே வாக்குமூலம். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் குனிந்தேன். "பிச்சாரி, கைஸே போலேகி?" பாவம், எப்படிச் சொல்லுவாள் என்று அந்தப் பெண்மணி என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

பிறகு அடித்தார்கள். எப்படி அடித்தார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. பார்க்காமல் இருக்க முகத்தை அவள் புடவையில் புதைத்துக்கொண்டவள் நான். அதை வர்ணிக்க எனக்கு என்ன உரிமை? சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் ஒருமுறை "எம்மா!" என்றார். என்னைக் கூப்பிட்டாரா, வலியில் தன் தாயைக் கூப்பிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

போலீஸ்காரர் வந்து அவரைக் கூட்டத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார். எங்கள் கட்டிடத்து மாமா ஒருவர் அந்த வழியாக வந்தவர், என்னையும் சைக்கிளையும் வீடு சேர்த்தார். வரும்போதே மாடி மாடியாகச் செய்தியையும் சேர்த்துவிட்டார்.

இதுவரை நடந்ததைக்கூடப் பயம், அதிர்ச்சி என்று ஏதாவது பெயர் வைத்து மூடிவிடலாம். வீட்டில் நடந்ததை மூட முடியாது.

அப்பா என் எதிரே உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பயப்படாதே. அவன் என்ன சொன்னான்? அப்பாகிட்ட சொல்லு" என்றார்.

நிதானமாகத்தான் கேட்டார். கூட்டம் இல்லை, கூச்சல் இல்லை. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கேக்காதீங்கோப்பா... என் வாயால சொல்ல முடியாது."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் முகம் சிவந்து போயிற்று. இது நான் யோசித்துச் சொன்ன வாக்கியம், பாருங்கள். ஒரு கெட்ட வார்த்தையும் நான் உச்சரிக்கவில்லை. மிச்சத்தையெல்லாம் அவர்களையே கற்பனை செய்துகொள்ள விட்டுவிட்டேன். எவ்வளவு சாமர்த்தியம்! காலேஜில் படித்த பெண் அல்லவா!

பெண்ணை ஸ்டேஷனுக்கு இழுக்க அப்பா சம்மதிக்கவில்லை, அதனால் கேஸ் எதுவும் ஆகவில்லை, போலீஸும் அந்த ஆளை விட்டுவிட்டது. கார் யாருடையது என்று மட்டும் அப்பா விசாரித்துக்கொண்டு வந்தார். செம்பூரில் ஒரு சேட்டின் கார். மறுநாளே ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது ஏதோ பரிசு வாங்கியவர் போல இருந்தார்.

"சேட் கையெடுத்துக் கும்பிட்டார். நேக்கும் பொண்கள் இருக்கான்னு சொன்னார். அந்த இடத்துலயே டிரைவர்கிட்ட சாவியைப் பிடுங்கிண்டு அனுப்பிட்டார். செல்லையான்னு பேராம். நம்ம பக்கத்து மனுஷன்தான், திருநெல்வேலியாம். தாராவியில இருக்கானாம். வெக்கக்கேடு!"

அன்றைக்குத்தான் அவர் பெயர் எனக்குத் தெரிந்தது. சோறு இறங்கவில்லை. அதிர்ச்சி தீரவில்லை என்று அம்மா பாலைக் காய்ச்சிக் கொடுத்தாள்.

சைக்கிள் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை! "எவனோ ஒரு பொறுக்கிக்காக என் பொண் ஏன் நிறுத்தணும்?" என்று அப்பா மாடிப்படியிலேயே நின்று கேட்டார். ஒரு மாமியும் வாயைத் திறக்கவில்லை. விழுவதற்கு முன்னால் இருந்ததைவிட எனக்கு மதிப்பு கூடிவிட்டது.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். மதியச் சாப்பாடு முடிந்த நேரம், கதவு தட்டப்பட்டது. வாசலில் ஒரு பெண். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சுத்தமான நூல் புடவை. எங்கள் பகுதியில் சைக்கிள் ஓட்டும் தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான். வீட்டைக் கண்டுபிடிப்பதில் என்ன கஷ்டம்?

"நான் டிரைவர் செல்லையா சம்சாரம்" என்றாள். அம்மா அடுக்களையிலிருந்து வந்து எனக்குப் பின்னால் நின்றாள். பால்கனி வழியாகப் பார்த்தேன். எதிர்ச்சாரியில் மரத்தடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார்.

"சண்டைக்கு வரலம்மா. வேல போனது போவட்டும். தாராவியில சுத்தி எங்க ஊர்க்காரவுகதான், எங்க போயி வேல கேட்டாலும் அந்தப் பேச்சு முன்னாடி போயி நிக்கி. அதுவும் போவட்டும்." அவள் ஓரடி முன்னால் வந்தாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். தண்டவாளத்தப் பாத்துப் போங்கன்னுதான் சொன்னேன்னு இவுக சத்தியம் பண்ணுதாக. வீட்ல வயசுக்கு வந்த பிள்ள இருக்கு. நான் அவுக கூட இருக்கணும்லா... அது நெசந்தானாம்மா? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் போயிருதேன்."

அவளுக்கு வேலை வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். தன் புருஷனை நம்பலாமா என்று என்னிடம் கேட்க வந்திருந்தாள். உலகத்தில் அதற்குப் பதில் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான்.

ஆமாம்... மூன்றெழுத்து. சொன்னால் அம்மாவுக்குக் கேட்கும். செம்பூருக்குப் போய் ஒரு நிரபராதியின் சோற்றைப் பறித்தவர் ஆகிவிடுவார் அப்பா. அவருடைய மானத்துக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அதுவும் பொய்! முதலில் எனக்கு ஞாபகம் வந்தது கீழே சுவரோரம் நின்றிருந்த சைக்கிள்தான்.

"நேக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்டுபிடித்துவிட்டாள், கையைப் பிடித்து உலுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கண்டுபிடித்திருக்கக் கூடாதா! அவளுடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. என்மேல் இரக்கப்பட்டாள்.

"சொல்லக் கூசுதீக. நல்ல வீட்டுப் பிள்ள, எப்படிச் சொல்லுவீக..." என்றாள். "எனக்கு விளங்கிட்டும்மா. நான் வந்து கேட்டிருக்கக் கூடாது."

படியிறங்கிப் போனாள். நான் பால்கனிக்கு ஓடினேன். அவள் சாலையைக் கடந்தாள். அவர் மரத்தடியை விட்டு இரண்டடி முன்னால் வந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் நிற்கவில்லை, அவரைத் தாண்டி நடந்துகொண்டே போனாள். அவர் திரும்பி ஒருமுறை எங்கள் கட்டிடத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு காலை இழுத்து இழுத்து அவளுக்குப் பின்னால் நடந்தார்.

ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். சைக்கிளில் ஏறினால் அந்தத் தெரு முனைக்குள் பிடித்திருக்கலாம்! பிடிக்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் இருந்தது. தாராவி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். போகவில்லை. இன்றைக்கு அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா, கடைசிவரை ஒரே வீட்டில் இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்ததும் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா டயர்களுக்குக் காற்றடித்துக் கொடுத்தார். நான் ஃபைவ் கார்டன்ஸ் வரைக்கும் போனேன். ஓட்டவே முடியவில்லை, அழுதுகொண்டே திரும்பிவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது... இல்லை. மரநிழலில் எட்டுப் போட்டேன். காற்று முகத்தில் அடித்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.